அந்தக் குறிப்பேட்டையும் மேசையில் வையுங்கள்

இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘சைல்ட்மைண்டர்’களை வெறும் ஆயா என்று நினைத்துவிட வேண்டாம். கல்வி, குழந்தைப் பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ, சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றிலோ முறையாகப் பதிவு செய்தவர்கள். ஒருவர் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளக்கூடியது எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேர் வரைதான். அதிலும் பள்ளி வயதை எட்டாதவர்கள் பொதுவாக மூவருக்கு மேல் கூடாது. பேச்சு வராத மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிறிய எண்ணிக்கையே பெரிய வரம். வாக்யூம் கிளீனர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறானா, அவன் வீட்டுக்குப் போன பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம். ஷூ படம் போட்ட அட்டையைக் காட்டினால் வெளியே கிளம்புகிறோம், தட்டுப் படம் என்றால் சாப்பாடு. பத்துத் தடவை கத்துவதைவிட ஓர் அட்டை மேல்.

இரண்டு வயதில் பிள்ளையின் வளர்ச்சியைக் கவனித்து இவர்கள் பெற்றோருக்கு எழுதித் தரவேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். (அதைத் தாயிடம் பக்குவமாகச் சொல்வது தனிக் கலை.) பிறகு சிறப்புக் கல்வித் திட்டத்துக்கு மனுப் போட்டால், அதை முடித்துத் தரச் சட்டம் விதிக்கும் 20 வாரக் கெடுவைப் பல உள்ளாட்சி மன்றங்கள் மதிப்பதேயில்லை. அதுவரை பிள்ளையோடு மல்லுக்கட்டுபவர் இந்த சைல்ட்மைண்டர்தான். மதிப்பீட்டுக் கூட்டத்தில் நிபுணரின் அறிக்கைக்குச் சமமாக பிள்ளையைக் கவனித்து இவர் எழுதிவைத்த குறிப்பேட்டுக்கும் இடம் தரவேண்டும்.