இலவச மின்சாரமும் பழைய பிரிட்ஜும்

பிரிட்ஜ் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு புதன்கிழமை வரை புளிக்காமல் இருக்க வேண்டுமே! ஆனால் வாங்கும்போது விலையைப் பார்க்கிறவர்கள், அது தின்னப் போகும் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் சம்பளக்காரர்கள் பலர் பழைய பிரிட்ஜைத்தான் வாங்குகிறார்கள். விலை மலிவு என்பது உண்மைதான். ஆனால் மிகப் பழையது நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், மாதம் 45 யூனிட் ஆகிறது. ஆண்டுக்கு 150 யூனிட் என்று சீட்டில் போட்ட புதிய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜுக்கு மாதம் 12 அல்லது 13 யூனிட்தான். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு என்ற கட்டணப்படி பார்த்தால், ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இது வரி நீங்கலாக.

"எங்களுக்குத்தான் மின்சாரம் இலவசமாயிற்றே" என்பார்கள். 2023 ஆகஸ்டு 5-ந் தேதி கலபுரகியில் தொடங்கி வைக்கப்பட்ட கிருஹஜோதி திட்டத்தில் 200 யூனிட்டும் எல்லோருக்கும் இலவசம் என்று நினைப்பது தவறு. 2022-23-ம் ஆண்டின் மாத சராசரியுடன் 10 சதவீதம் சேர்த்துத்தான் இலவச அளவு. சராசரி 60 யூனிட் என்றால் 66 வரை இலவசம். அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழுப் பில்லும் நம் தலையில்தான். (சராசரி 48-க்கும் குறைந்த சிறு குடும்பங்களுக்கு 10 சதவீதத்துக்குப் பதில் 10 யூனிட் கூடுதல் என்று 2024-ல் மாற்றியது நல்ல காரியம்.) அந்த 60 யூனிட் வீட்டுக்குப் பழைய பிரிட்ஜ் வந்தால், 39 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். புதியது வந்தால் ஆறேழு யூனிட்டோடு போகும்.

கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணக் கூடாது. நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது. சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கையும், அது எந்த ஆண்டுச் சீட்டு என்பதையும் பார்க்க வேண்டும்.

இருக்கும் பிரிட்ஜையும் கவனிக்கலாம். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வந்துவிடுகிறதா? ரப்பர் போய்விட்டது என்று பொருள். உறைபனி அரை சென்டிமீட்டர் கட்டினால் கரைத்துவிட வேண்டும். ஒண்டுக்குடித்தன அறையில் இடம் ஏது என்று பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், பின்புற வெப்பம் வெளியேறாமல் மோட்டார் ஓய்வின்றி ஓடும்.

இத்தனையும் செய்தாலும் பலன் கிடைக்காத குடும்பங்கள் உண்டு. ஒரே மீட்டரில் நான்கு குடித்தனங்கள். ஆளுக்கு 60 யூனிட் எரித்தாலே 240 ஆகிவிடுகிறது. இலவசம் ஒருவருக்கும் இல்லை. சில வீட்டுக்காரர்கள் உள்மீட்டர் வைத்து இஷ்டம் போல் வசூலிக்கிறார்கள். பிரிட்ஜ் வைத்தால் தனிக் கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சிக்கனமாக இருப்பவனுக்கும் அதே விலைதான்.

1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூருக்கு வந்தது 1905-ல்தான். அந்தச் சுரங்கங்களில் உழைத்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்நகரில் உள்மீட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகை வீடுகளுக்குத் தனி மீட்டரும் தனி ஆர்.ஆர். எண்ணும் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களைப் பெஸ்காம் நிர்வாகம் வற்புறுத்த வேண்டும். அதற்கான டெபாசிட்டைத் தவணையில் கட்ட வசதி செய்தால், வீட்டுக்காரர்களும் மறுக்க மாட்டார்கள்.