நிற்கும் முன் சொல்லிவிடும் இன்ஜின்!

பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறியிருக்கிறீர்களா? சேலம் மாவட்டக் கரையில் ஏறினால், காவிரியைத் தாண்டி ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கலாம். கதவணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு அங்கே ஏரி போல விரிந்து கிடக்கும்.

ஒருமுறை நடு ஆற்றில் டீசல் இன்ஜின் இரண்டு தடவை திக்கியது. பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று படகில் இருந்த எல்லோருடைய பேச்சும் சட்டென்று நின்றது. நல்லவேளை, கரை சேர்ந்துவிட்டோம்.

“ஏனுங்கண்ணா, பாதி ஆத்துல நின்னு போயிருந்தா?” என்று படகோட்டியிடம் கேட்டேன்.

“பழைய இன்ஜின் சும்மா நிக்காதுங்க. முன்னாடியே சொல்லும். நாமதான் காதுல வாங்கோணும்” என்றபடி டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தினார். முதலில் வந்தது தண்ணீர்!

பாதி காலியான டேங்கில், ராத்திரிக் குளிருக்குக் காற்றின் ஈரம் நீர்த்துளியாகும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். ஃபில்டரைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகும். குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புகையும் பேசும். கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது பாரம் அதிகம். படகின் விசிறியில் கயிறு சுற்றினாலும் இப்படி வரும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. மெக்கானிக் வரும்வரை ஓட்டவே கூடாது.

ஆற்று நீரை இழுத்துக் குளிரும் இன்ஜினில், வெளியேறும் நீர் மெலிந்தால் உஷார்! உறிஞ்சும் வாயில் ஆகாயத் தாமரை வேரோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விட்டுவிடும். தானாக ஆறட்டும்.

எடப்பாடியிலோ நாமக்கல்லிலோ உங்கள் கிணற்று மேட்டில் பழைய ஆயில் இன்ஜின் இருக்கிறதா? அதற்கும் இதே வைத்தியம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். கிணற்றில் இன்ஜின் நின்றால் பயிர் ஒருநாள் வாடும். ஆற்றில் நின்றால் உயிர்கள் தத்தளிக்கும்.

அதனால் படகோட்டி, “கொஞ்சம் இருங்க, ஃபில்டரைப் பாத்துட்டு எடுக்கறேன்” என்றால் அவசரப்படுத்தாதீர்கள். மேட்டூரில் உபரி நீர் திறந்து, படகை நிறுத்தி வைத்திருந்தால் கெஞ்சாதீர்கள். ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் என்ன, அக்கரை எங்கேயும் போய்விடாது!