பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகளே சமைக்கட்டும்



உங்கள் பிள்ளையின் அடுத்த பிறந்தநாளை வீட்டிலேயே ஒரு சமையல் விருந்தாக வைத்துப் பாருங்கள் என்பதே இன்று நான் முன்வைக்கும் வேண்டுகோள். சமையல் விருந்து என்றால் அம்மா சமைத்துப் பிள்ளைகள் உண்பது அன்று. அழைக்கப்பட்ட பிள்ளைகளே அரிசி களைந்து, மாவு பிசைந்து, அடுப்பிலிருந்து இறக்கி, பரிமாறி, உண்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போகும் விருந்து. ஆண்பிள்ளைகளும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது நம் வட்டாரத்தில் பிறந்தநாள் எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். விரைவுணவகத்தில் இடம் பிடித்து, தலைக்குக் காகிதத் தொப்பி மாட்டி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வது ஒரு வகை. சற்று வசதி உள்ளவர்கள் ‘சமையல் விருந்து’ என்ற பெயரிலும் ஒன்றை நடத்துகிறார்கள். சமையற்காரர் தொப்பியும் மேலங்கியும் வாடகைக்கு வரும். கடையில் வாங்கிய சிறு கேக்குகளின் மேல் பிள்ளைகள் வண்ணச் சர்க்கரை தூவுவார்கள். நிழற்படம் எடுத்தவுடன் விருந்து முடிந்தது. அச்சிட்ட படத்திற்கு வண்ணம் தீட்டிவிட்டு ஓவியம் வரைந்தேன் என்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

பள்ளிகளிலும் நிலை இதுதான். பொங்கல் விழாவில் வகுப்புக்கு ஒரு பானை வைக்கிறோம். அடுப்பு மூட்டுபவர் ஆசிரியர், கிளறுபவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள். மாணவர்களின் பங்கு, கயிற்றுக்கு அப்பால் நின்று “பொங்கலோ பொங்கல்” என்று கூவுவது மட்டுமே. பாதுகாப்புக் கருதித்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் ஆறு ஆண்டுகள் ஆறு பொங்கலைப் பார்த்த ஒரு மாணவனிடம், பச்சரிசி எத்தனை குவளை, பால் எத்தனை குவளை என்று கேட்டால் விழிக்கிறான்.

நம் மரபில் இதற்கு வேறு ஒரு முன்மாதிரி உண்டு. கூட்டாஞ்சோறு என்ற சொல்லைத் தமிழகத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களிடம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஒரு பிள்ளை அரிசி, ஒரு பிள்ளை பருப்பு, இன்னொன்று கத்தரிக்காய் என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மூன்று கல்லைக் கூட்டி, ஒரே பானையில் ஆக்கி உண்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அரிசியும் பருப்பும் காய்கறியும் சேர்த்து ஆக்கும் ஓர் உணவுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விருந்தளிப்பவர், விருந்தினர் என்ற வேறுபாடு இல்லாத விருந்து அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வருவதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனான சிறுவன் வந்து அதைக் காலால் அழிப்பான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதாகப் பாடல் அமையும். அழகான பருவம்தான், நானும் விரும்பிப் படித்ததுதான். ஆயினும் ஆக்குவது பெண்ணுக்கு, அழிப்பது ஆணுக்கு என்ற அந்தப் பங்கீடு இலக்கியத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் வீடுகளில் இன்றும் பத்து வயது மகள் தேநீர் கலக்கிக் கொண்டுவர, பன்னிரண்டு வயது மகன் குடித்த குவளையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போகிறான்.

இதைப் பெற்றோர் சந்திப்புகளில் பேசும்போது எனக்கு வரும் மறுப்பு பெரும்பாலும் தாய்மார்களிடமிருந்தே வருகிறது. “டீச்சர், நாங்கள்தான் அடுப்படியில் வெந்தோம். என் பிள்ளை படிக்கட்டும்” என்பார்கள். அந்த மறுப்பை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பின்னால் ஒரு தோட்ட வரலாறு இருக்கிறது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. பேராக்கின் பல தோட்டப் பள்ளிகள் அப்படித்தான் தோன்றின. பள்ளி இருந்தது, ஆனால் மூத்த பெண்பிள்ளை பல வீடுகளில் அங்கு நெடுங்காலம் போகவில்லை. விடியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். மற்றவர்களுக்குப் பசியாற ஆக்கிக் கொடுத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, பால்வெட்டு முடிந்து பெற்றோர் வருவதற்குள் சோறு வடித்து வைப்பது ஒன்பது, பத்து வயதுச் சிறுமியின் வேலை. நான்காம் வகுப்போடு அவள் ஏடு மூடப்படும். அவளுடைய மகளும் பேத்தியும்தான் இன்று என் முன்னால் அமர்ந்து, “என் பிள்ளைக்குச் சமையல் வேண்டாம்” என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் அந்தச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை எது? சமைக்கத் தெரிந்ததா? அவள் ஒருத்தி மட்டும், நாள்தோறும், பள்ளியை விட்டுவிட்டுச் சமைக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. அதற்கு மாற்றுச் சமையலறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் அடைத்துவிடுவது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். விளைவைக் கமுந்திங்கில் கண்ணாரக் காண்கிறேன். பெற்றோர் இருவரும் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் வீடுகள் இங்கு ஏராளம். பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளைக்குத் தானே செய்துகொள்ளத் தெரிந்த ஒரே உணவு துரித மீ. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும் பிரத்தியேக வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஒரு முட்டையை அவிக்க எத்தனை நிமிடம் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் எவரும் சொல்லித் தருவதில்லை.

தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு வேறு ஒரு கவலையும் உண்டு. “கோழியைக் கோரேங் பண்ணினார்கள், முட்டையை ரெபுஸ் பண்ணினார்கள்” என்று கட்டுரையில் எழுதும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். மலாய்மொழியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிலக்கடலையை எண்ணெயின்றி வறுப்பது, அப்பளத்தை எண்ணெயில் பொரிப்பது, வெங்காயத்தை வதக்குவது, கடுகைத் தாளிப்பது ஆகிய நான்கும் நான்கு வேறு செயல்கள். அந்த நான்கையும் ‘கோரேங்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தால், மாணவனின் மனத்திலும் அவை ஒன்றாகிவிடுகின்றன. அவித்தல், வேகவைத்தல், வடித்தல், கிண்டுதல், கிளறுதல், கடைதல், மசித்தல், துருவுதல், இடித்தல், நறுக்குதல்... இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. வெங்காயம் வதங்கும் மணத்தை முகர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை இரண்டாம் முறை சொல்லித் தர வேண்டியதில்லை.

பிற நாட்டார் இதைப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் தொடக்கப்பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் மாணவன், மாணவி இருவரும் மனையியல் பயில்கிறார்கள். சோறு ஆக்குவதும் மீசோ சூப்பு வைப்பதும் பாடத்திட்டத்திலேயே உள்ளன. உணவுக் கல்விக்கென்று 2005இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். இங்கிலாந்தில் 2014 முதல் அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் 14 வயது வரை சமையல் கட்டாயம். காந்தியடிகளின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்றது. பின்னர்ச் சேவாகிராமத்துப் பள்ளியில் சமைப்பதும் துப்புரவும் கல்வியின் ஓர் அங்கமாகவே நடந்தன. நம் கல்வி அமைச்சு எப்போது என்ன செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு காலைப்பொழுது போதும்.

இனி எப்படி நடத்துவது என்பதற்கு வருவோம்.

எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் அழைக்காதீர்கள். நான்கு பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்த ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடித்துவிடுங்கள். தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தைப்பிங். பக்கத்திலிருக்கும் நமக்கும் பிற்பகல் மழை பழகியதுதான். மாவு வேலையை வாகனம் நிறுத்தும் முகப்பில் ஒரு நீள மேசை போட்டு வைத்துக்கொண்டால் வீடு தப்பும். அடுப்பு வேலை மட்டும் உள்ளே.

என்ன சமைப்பது? என் பரிந்துரை ஒண்டே-ஒண்டேயும் கொழுக்கட்டையும். இரண்டும் அரிசி, தேங்காய், வெல்லம் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதைச் செய்துபார்க்கும்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒண்டே-ஒண்டேக்குப் புளூட் அரிசி மாவு 250 கிராம், பாண்டான் இலை அரைத்து வடித்த நீர் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், பொடியாக நறுக்கிய குலா மெலாக்கா 100 கிராம், சிட்டிகை உப்பிட்ட தேங்காய்த் துருவல். மாவைப் பிசைந்து, உள்ளே சர்க்கரை வைத்து உருட்டி, கொதிநீரில் போட வேண்டும். வெந்த உருண்டை தானாக மேலே மிதந்து வரும். அந்தக் காட்சிக்கு எந்த மாயவித்தைக்காரரும் ஈடாகார். எட்டுப் பேருக்கு 250 கிராம் என்றால் பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு என்று அப்போது கேளுங்கள். வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளையும் 375 என்று சொல்லிவிடும்.

ஏழு, எட்டு வயதினருக்குக் களைதல், பிசைதல், உருட்டுதல். ஒன்பது, பத்து வயதினர் தேங்காய் துருவலாம், மொண்ணைக் கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதினர் பெரியவர் அருகில் நிற்க, கரண்டியால் உருண்டைகளை அரித்தெடுக்கலாம். எரிவாயுத் தோம்பைத் திறப்பதும் மூடுவதும் எப்போதும் பெரியவர் வேலை. இறக்கிய உருண்டையை உடனே கடிக்க விடாதீர்கள், உள்ளே சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருக்கும். யாருக்கேனும் சுட்டுவிட்டால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் எண்ணெயும் பூசும் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடுவோம்.

அழைக்கும்போதே ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலையும் முட்டையும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளையையும் சீனப் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். சைவமாகவே வைத்துக்கொண்டு, ஹலால் முத்திரையுள்ள பொருள்களை வாங்கி, நோன்பு மாதத்தைத் தவிர்த்தால் பாதித் தயக்கம் நீங்கும். அப்படியும் நம் வீட்டுப் பாத்திரத்தில் உண்ணத் தயங்கும் தாய் இருந்தால் மனம் கோணாதீர்கள். அவர் வீட்டுச் சட்டியையும் தட்டையும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கூட்டாஞ்சோற்றுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவதுதானே முறை.

பரிசுப்பொருள் வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடலாம். விலை உயர்ந்த பொட்டலம் கொண்டுவர இயலாத பிள்ளைகள் ஏதோ ஒரு காரணம் சொல்லி வராமல் நின்றுவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரு தேங்காயோ ஒரு கட்டுப் பாண்டான் இலையோ கொண்டுவரச் சொன்னால் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வீடு திரும்பும்போது பிள்ளையின் கையில் தான் உருட்டிய நான்கு உருண்டைகளும், தன் கையெழுத்தில் தமிழில் எழுதிய செய்முறைத் தாளும் இருக்கட்டும்.

பாத்திரம் கழுவும் முறையை முதலில் ஆண்பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உருண்டை சில உடைந்து, சர்க்கரை நீரில் கரைந்துபோகத்தான் செய்யும். அழும் பிள்ளையிடம் அந்த இனிப்பு நீரைக் கொட்டச் சொல்லாதீர்கள். ஒரு பிடி சவ்வரிசி போட்டுக் கண்ணாடியாகும் வரை வேகவிட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினால் கஞ்சியாகிவிடும். மதியம் அழைத்துப்போக வரும் பெற்றோருக்கு ஆளுக்கொரு குவளை கொடுக்கலாம்.