சுமையேறாத சுமைவண்டிகள்

மக்கள் எதை விரும்புகின்றனரோ அதையே உற்பத்தியாளர் செய்து கொடுக்கின்றனர் என்பது சந்தையின் வழக்கறிஞர்கள் ஓயாது ஒப்பிக்கும் வாதமாகும். இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்பதற்குப் பிக்கப் வாகனத்தினும் பொருத்தமான கல் கிடைத்தல் அரிது.

பிக்கப்பின் பின்புறத்தை வழமையாகத் தாங்குவது தகட்டு வில். ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைப் பொறுக்கும்வண்ணம் அது விறைப்பாக அமைக்கப்படுகின்றது. வெறுமையாக ஓடும்போது வண்டி குலுங்கும். பாரம் ஏறியதும் அடங்கிவிடும். எனவே அக்குலுக்கம் ஒரு குறைபாடன்று. அதனைக் குறைபாடெனக் கொண்டு திருத்த முற்படுபவர், வண்டி பெரும்பாலும் வெறுமையாகவே ஓடப்போகின்றது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவராவார். தவிரவும், பாரமுட்பட வண்டியின் மொத்த நிறைக்கு ஓர் எல்லை உண்டு. தோல் ஆசனமும் கண்ணாடிக் கூரையும் இரண்டாம் வரிசைக் கதவுகளும் கூட்டும் ஒவ்வொரு கிலோகிராமும் ஏற்றக்கூடிய சுமையிலிருந்தே கழிகின்றது.

வசதியை நாடுவது குற்றம் என்பதன்று இதன் பொருள். ஞாயிறன்று தேவாலயத்துக்கு நனையாமற் செல்லவும், திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் ஒரே வண்டி வேண்டுமென அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி போர்ட் நிறுவனத்துக்கு எழுதினார் என்பர். ஜீலோங் தொழிற்சாலையில் லூ பாண்ட் வடிவமைத்து, 1934இல் வெளிவந்த 'யூட்' அக்கோரிக்கையின் விளைவு. அங்கு பன்றிக்கும் இடமிருந்தது, பெண்மணிக்கும் இடமிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு. அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, ஜனாதிபதி ஜோன்சன் 1963 டிசம்பரில் இறக்குமதியாகும் இலகு பாரவண்டிகள் மீது 25 வீதத் தீர்வையை அறிவித்தார். கோழிச் சண்டை ஓய்ந்தது, தீர்வை ஓயவில்லை. சிறிய, எளிய வெளிநாட்டு வண்டிகளுக்கு அது மதிலாயிற்று. 1975ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து வந்த எரிபொருள் விதிகளும், தொழிற்கருவி என்ற பெயரால் பாரவண்டிகளுக்குக் கார்களிலும் தளர்வான அளவுகோலை வழங்கின. சலுகை உழைப்பவனின் பெயரில் வந்தது; அதன்மேல் வரவேற்பறை எழுந்தது. ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளமான இரட்டை வரிசை ஆசன எப்-150இல் பரவலாகக் காணப்படும் பின்தட்டின் நீளம் 1.7 மீற்றரே. யப்பானின் 'கேய்' பாரவண்டியோ முழுநீளத்தில் 3.4 மீற்றரைத் தாண்டலாகாது. அதன் பின்தட்டு 1.9 மீற்றரை மிஞ்சுகின்றது. கேய் சுமக்கக்கூடியது 350 கிலோகிராம் மட்டுமே என்பது மெய்தான். எனினும் அதன் நீளத்திற் பெரும்பகுதி சரக்குக்கே உரியது.

மக்களின் விருப்பமே காரணமெனில், ஒரே நிறுவனத்தின் இரு முகங்களை எவ்வாறு விளக்குவது? டொயோட்டா 2022ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கும் டன்ட்ராவின் பின்புறத்தில் தகட்டு வில்லைக் கைவிட்டுச் சுருள்வில்லைப் பொருத்தியது. 2023இல் அதுவே தாய்லாந்தில் அலங்காரமற்ற, தகட்டு வில் கொண்ட, ஒரு தொன்னளவு சுமக்கும் ஹைலக்ஸ் சாம்பை வெளியிட்டது. தாய்லாந்தின் வரிமுறை நெடுங்காலமாகப் பிக்கப்புக்குச் சார்பானது. அமெரிக்கச் சிறு விவசாயிக்குச் சாம்ப் வேண்டாமென்று அவனிடம் கேட்டறிந்தவர் யார்? அது அவன் கடைக்கு வரவேயில்லை.

பிரித்தானியாவில் நகைப்புக்கு இன்னும் இடமுண்டு. ஒரு தொன் சுமக்கவல்ல 'டபிள் கப்' அங்கு வரிக்கணக்கில் வணிக வாகனமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே ஒரு மூட்டையும் ஏற்றாதவருக்கும் அந்த ஒரு தொன் தேவைப்பட்டது, வரிச் சான்றிதழாக! மென்மையான சுருள்வில்லோடு வந்த போர்ட் ரேஞ்சர் ராப்டர் அவ்வெல்லையை எட்டாமையால் காராகவே கணிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், நிறுவனம் ஊழியருக்குச் சொந்தப் பாவனைக்கும் சேர்த்து வழங்கும் புதிய டபிள் கப் வண்டிகளிற் பெரும்பாலானவை வருமான வரியிற் கார்களாகவே கருதப்படுகின்றன. சலுகையைச் சொகுசுக்காகத் துய்த்தோர் வேறொரு வண்டிக்கு மாறிக்கொள்வர். பகலிற் செங்கல்லையும் மாலையிற் பிள்ளைகளையும் அதே வண்டியில் ஏற்றும் கட்டடத் தொழிலாளியோ, அந்த விக்டோரியாப் பெண்மணி கேட்டதையே கேட்டவன். புதிய வரி அவன் தலையிலும் விழுகின்றது.