உண்ணி இருப்பது எங்கட சுவரில

"நாய் எண்டா உண்ணி இருக்கும்தானே."

இந்த வசனத்தை எத்தனை பேரின் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வீட்டுக்கார அன்ரி சொன்னா. எங்கட பட்ச் பெடியள் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆகவே இதில் திட்டு வாங்கப்போகிற ஆக்களில் முதல் ஆள் நான்தான்.

திருநெல்வேலியில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்த வீட்டில் கறுப்பி என்றொரு நாய் இருந்தது. யாரும் வாங்கி வளர்த்த நாய் இல்லை. எங்கட மிச்சச் சோற்றில் வளர்ந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஆமணக்கங்கொட்டை மாதிரி உண்ணிகள் ஊதிப்போய்த் தொங்கும். பார்த்தோம், ஆளை ஆள் காட்டி அருவருத்தோம், விட்டுவிட்டோம். ஒருநாள் சோற்றை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது. "வெக்கைக்குத்தான்" என்றோம். மூன்றாம் நாள் மூக்கால் இரத்தம் வந்தது. "ஆரோ கல்லால எறிஞ்சிட்டாங்கள்" என்றோம். ஐந்தாம் நாள்தான் ஓட்டோ பிடித்தோம். மிருக வைத்தியர் அதன் உதட்டைத் தூக்கி முரசைக் காட்டினார். வெள்ளைச் சீலை மாதிரி இருந்தது. "எத்தனை நாளா உண்ணி இருக்கு?" என்று கேட்டார். ஐந்து பேரிடமும் பதில் இல்லை. அன்றிரவே கறுப்பி செத்துப்போச்சு.

உண்ணி கொஞ்சம் இரத்தம் குடிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். அது குடிக்கும்போது கொடுக்கவும் செய்கிறது. எர்லிகியா என்ற பற்றீரியா உண்ணி கடித்த இடத்தால் நாயின் உடலுக்குள் போய், வெண்குருதிக் கலங்களில் குடியேறும். குருதிச் சிறுதட்டுக்கள் குறையும். மூக்கால் இரத்தம் வருவதும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிவதும் அதனால்தான். பபேசியா என்பது இன்னொன்று. அது செங்குருதிக் கலங்களை உடைக்கும். முரசு வெளிறும், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போகும், சில வேளை கண் மஞ்சளாகும். எர்லிகியா மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே இருக்கவும் கூடும். "நேற்றுவரைக்கும் நல்லாத்தானே ஓடித் திரிஞ்சது" என்று நாங்கள் சொல்வது அதனால் ஒரு சாட்சியமே இல்லை.

சிறுதட்டுக்கள் என்றதும் உங்களுக்கு டெங்கு ஞாபகம் வந்திருக்கும். வரவேண்டும். வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால் நாங்கள் என்ன செய்கிறோம்? இரத்தம் சோதிக்கிறோம், எண்ணிக்கை எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறோம். வளவு முழுக்கச் சிரட்டையும் பழைய ரயரும் தேடிக் கவிழ்க்கிறோம். காய்ச்சல்காரரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட்டு, "இனி வீட்டில நுளம்பு இல்லை" என்று யாரும் சொல்வதில்லை.

நாய்க்கு அதைத்தான் சொல்கிறோம்.

எங்கட வீடுகளில் அதிகம் காணப்படுவது மண்ணிற நாய் உண்ணி. குஞ்சு உண்ணி நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், தோல் கழற்றும். கொஞ்சம் பெருத்து மறுபடி ஏறும், விழும். முழு உண்ணியாகி மூன்றாம் முறையும் ஏறும். குடித்து ஊதிய பெண் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதாவது நாயில் நீங்கள் காண்பது கொஞ்சம்தான். மிச்சம் முழுக்க நாய் படுக்கிற இடத்தைச் சுற்றி, எங்கட சுவரில இருக்கு. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

இப்போது யோசியுங்கள். உண்ணி பிடித்த நாயை உரப்பைக்குள் போட்டு, மோட்டச்சைக்கிளில் கொண்டுபோய்க் கோயிலடியிலோ கம்பஸ் கேற்றடியிலோ விடுகிற புத்திசாலித்தனத்தை. சுவரில் இருக்கும் உண்ணி அடுத்த நாய்க்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். கொண்டுபோய் விட்ட இடத்துக்கு உண்ணி புதிதாகப் போகும். ஒரு நாய் தெருவில் கிடந்து சாகும். இதில் யாருக்கு என்ன தீர்ந்தது?

அடுத்தது மண்ணெண்ணெய். பூசினால் தோல் வெந்துபோகும். நாய் நக்கினால் உள்ளே போகும், நுரையீரலையும் கெடுக்கும். நெருப்புக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் ஊற்றுவதும், உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாய்க்குள்ளேயே கக்க வழி செய்யும் வேலை. நகத்தால் நசுக்குவதும் பிழை. ஒரு சாவணம் போதும். தோலுக்குக் கிட்டப் பிடித்து, திருகாமல், நேரே மெதுவாக இழுத்துச் சவர்க்காரத் தண்ணிக்குள் போடுங்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனையை ஒரே குளிசை கொன்றுவிடும்.

மாரியில் உண்ணிக்காய்ச்சல் செய்தி வந்தால் அந்தப் பழியும் நாயின் தலையில்தான் விழுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரில் கதைக்கப்படுவது பெரும்பாலும் பற்றைக்காடுகளில், எலிகளை அண்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருகிற வேறு நோய். நாயின் காதில் தொங்குவது அதைப் பரப்புவதில்லை. நாயை அடித்துத் துரத்தினாலும் அந்தக் காய்ச்சல் நிற்காது.

"மனுசருக்கே மருந்தில்லை, நாய்க்கோ?" என்று கேட்பீர்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் நின்ற நாட்டில் இது ஞாயமான கேள்வி. ஆனால் பாருங்கள், எர்லிகியாவுக்குக் கொடுக்கும் முதல் மருந்து டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே குளிசை. நாய்க்கு வழமையாக நான்கு கிழமை கொடுக்க வேண்டும். அளவை நிறை பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பபேசியாவுக்கு வேறு மருந்து. முதல் நாளே போயிருந்தால் ஐந்து பேருக்கும் பங்கு போட்டுத் தாங்கக்கூடிய செலவு அது. நாங்கள் ஐந்து நாள் பிந்தியதற்குக் காசு காரணமே இல்லை. அன்றைக்கு எங்களில் ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. எங்கட கண்ணுக்கு அது நோயாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை? லப்ரடோருக்கு உண்ணி வந்தால் நோய், ஊர் நாய்க்கு வந்தால் இயல்பு. ஊர் நாய்க்கு நாங்கள் வாய்கூசாமல் ஒரு சாதிப் பெயரை ஒட்டிக் கூப்பிடுகிறோம். அதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். ஒரு உயிருக்கு அப்படிப் பெயர் வைத்தபிறகு, அதன் வலி எங்களுக்கு வலியாகத் தெரியாமல் போவதில் என்ன புதினம்? சமத்துவம் பற்றி வகுப்பில் பத்துப் பக்கம் எழுதுகிற கலைப்பீடக்காரர் நாங்கள், கேற்றுக்கு வெளியே வந்ததும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாயைக் கலைக்கிறோம்.

முழு நாட்டுக்கும் மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. அரச மிருக வைத்தியர்களின் நாள் பெரும்பாலும் மாட்டோடும் ஆட்டோடும் போகிறது. அதைப் பற்றி அரசோடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டை முடியும்வரைக்கும் நாயின் காதைத் திருப்பிப் பார்க்க எங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

கறுப்பி செத்து இரண்டு மாதத்தில் அதே படியில் இன்னொரு குட்டி வந்து படுத்தது. இந்தமுறை சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தோம். படுக்கிற சாக்கைக் கிழமைக்கொருக்கால் சுடுதண்ணியில் போடுகிறோம். குட்டியின் நிறைக்கு ஏற்ற உண்ணி மருந்தை வைத்தியரிடம் கேட்டு, ஐந்து பேரும் சேர்ந்து வாங்குகிறோம். ஞாயிறு பின்னேரம் ஆளுக்கொரு முறை. காது, கழுத்து, கக்கம், விரலிடுக்கு, வாலடி. பத்து நிமிசம்.

உங்கட படியிலும் ஒன்று படுத்திருக்கும். இண்டைக்கே பாருங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு நாள் படுத்திருந்தால் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால் "வெக்கை" என்று சொல்லாதீர்கள். ஓட்டோ பிடியுங்கள்.