ஒரு மரணத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்

சிவகாசியில் பிறந்த நாடகப் பாடகர் விஸ்வநாததாஸைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர், 'வள்ளி திருமணம்' நாடகம். மயில் வாகனத்தில் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் அங்கேயே பிரிகிறது. வாசிப்பவர் கண்கலங்குகிறார்; எழுதியவர் கடமை முடிந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார். அந்த மரணத்தின் மகத்துவத்தை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு காட்சியைக் காட்டி, அதற்கு முந்தைய ஐம்பத்து நான்கு ஆண்டுகளை எழுதாமல் தப்பித்துக்கொள்ளும் நமது சோம்பலைத்தான் குற்றஞ்சாட்டுகிறேன்.

சோம்பலுக்கு ஒரு சான்று. 1911இல் தூத்துக்குடிக்கு வந்த காந்தி, தாஸின் பாடலைக் கேட்டு அவரைத் தேசியப் பணிக்கு அழைத்தார் என்றொரு செய்தி திரும்பத் திரும்ப அச்சாகிறது. 1911இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் இந்தியா திரும்பியது 1915 ஜனவரியில். தூத்துக்குடியில் சத்தியாகிரகம் பற்றிப் பேசியது 1919 மார்ச்சில். சந்திப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. பள்ளி மாணவன்கூடச் சரிபார்த்துவிடக்கூடிய ஓர் ஆண்டை, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம் என்கிறேன். வணங்குவது எளிது, சரிபார்ப்பதுதான் உழைப்பு.

நாம் இழந்தது எது என்பதையாவது புரிந்துகொள்ள வேண்டும். 'வள்ளி திருமணம்' சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம், அச்சில் கிடைக்கிறது. ஆனால் தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் அச்சுப் பிரதிக்குள் அடங்குவதில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவு மேடையிலேயே சந்திக்கிறார்கள். தர்க்கமும் இடைச்செருகல் பாடல்களும் அந்தந்த இரவுக்குரியவை. தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் நுழைந்த கொக்குப் பாட்டு அப்படிப்பட்டது. வெள்ளைக் கொக்கு யாரென்று தரைச்சீட்டுக்காரருக்கும் புரிந்தது, கொட்டகைக்கு வந்த போலீசுக்கும் புரிந்தது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்த அரசு அவரைப் பலமுறை சிறைக்கு அனுப்பியது. எந்த ஊரில், எந்த இரவில், எந்தப் பாட்டுக்காக? ஊர்வாரியாக, தேதிவாரியாக ஒரு பட்டியலைத் தர நம்மால் முடியவில்லை.

இன்னொன்றையும் மயில் வாகனம் மறைத்துவிடுகிறது. தாஸ் மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்துவோர் என்று ஊர் ஒதுக்கிவைத்த சமூகத்தில் பிறந்தவர். அவருக்கு ஜோடியாக வள்ளி வேடம் கட்ட மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மேடையில் முருகன், மேடையை விட்டு இறங்கினால் தொடத் தயங்கப்படும் மனிதர். தியாகி என்ற பட்டத்தை உரக்கச் சொல்கிறவர்கள் இந்த அவமானத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் செய்ததற்கு மட்டும் கணக்கு வைத்துக்கொண்டு, நாம் செய்ததை மறந்துவிட்டால் அது வரலாறாகுமா?

மேற்கே ராக் இசைக்கலைஞர்களுக்கு நடப்பதைப் பாருங்கள். 'கிரேட்ஃபுல் டெட்' குழு 1965 முதல் 1995 வரை நடத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் பெரும்பகுதியை ரசிகர்களே ஒலிநாடாவில் பிடித்து, தேதி, அரங்கு, பாடல்வரிசையோடு பாதுகாத்தார்கள். ஜூலியன் கோப் என்ற பிரிட்டிஷ் ராக் பாடகர், கிறுக்கர் என்று பெயரெடுத்தவர். தன் இசை வாழ்க்கையைத் தானே 1994இல் நூலாக எழுதினார். "அங்கே வசதி இருந்தது, கருவி இருந்தது" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுரகவி பாஸ்கரதாஸுக்கு என்ன கருவி இருந்தது? தேசிய மேடைக்குப் பாட்டெழுதிக் குவித்த அவர் ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய பேரர் முருகபூபதி அதைத் தொகுத்து நூலாக்கினார். தியடோர் பாஸ்கரன் ஆவணக் காப்பகக் கோப்புகளைப் புரட்டி, தேசிய நாடக மேடையையும் சினிமாவையும் பற்றி 1981இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும் என்பதற்கு இவ்விருவரும் சாட்சி.

கசப்பான முரண் ஒன்று உண்டு. ஊர் ஊராகச் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளை அச்சடித்துத் தருவது தாஸ் பிறந்த சிவகாசி. தேதிகளை அச்சிட்டு வாழும் ஊர் தன் பாடகனின் தேதிகளை அறியாமல் இருக்கிறது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது; மாலையும் விழுகிறது. மாலை மறுநாள் வாடிவிடும்.

1940இல் பத்து வயதில் அவர் பாட்டைக் கேட்ட சிறுவன் இன்றிருந்தால் தொண்ணூறைக் கடந்திருப்பான். வாய்மொழிச் சாட்சியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை பழைய நாடக நோட்டீசுகள், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள், நீதிமன்ற, காவல்துறைக் கோப்புகள். பரணிலிருந்து எடைக்குப் போகுமுன் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். அடுத்த டிசம்பர் 31 அன்று அஞ்சலிக் கட்டுரை எழுத உட்காரும் நண்பரிடம் எனது வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த மரணத்தை எங்களுக்குத் தெரியும்; அவர் பாடிய ஏதேனும் ஓர் இரவைத் தேதியோடு, ஆதாரத்தோடு கொண்டுவாருங்கள்.