ரோட்டு காரை டிராக் காராக்க ஆசையா? இன்ஜினுக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க!

துபாயில் 2025 ஜனவரியில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு கார் ரேஸ் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ரீமேப், ஸ்டேஜ் 1, காயில்ஓவர் என ரீல்ஸ் முழுக்க மெக்கானிக் பாஷை. இஎம்ஐயில் கார் எடுத்த கையோடு, அதை எப்படி 'டியூன்' பண்ணலாம் என்று தேடுகிறது ஒரு தலைமுறை.

ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு விஷயம் மறந்துபோகிறது. அந்த அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப், தொழிற்சாலையிலேயே பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட கார். நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்ட முடியாது. இங்கே நடப்பது தலைகீழ். ரோட்டுக்காகச் செய்த காரை டிராக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டு, மறுபடி அதே காரை ரோட்டில்தான் ஓட்டுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான்.

டிராக்கில் காருக்கு என்ன ஆகுது?

60 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்த பிரேக் எவ்வளவு ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறதோ, 120 கி.மீ. வேகத்தில் அதைப்போல நான்கு மடங்கு மாற்ற வேண்டும். ரோட்டில் இது எப்போதாவது நடக்கும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை நடக்கும். பிரேக் பேட் சூடாகி, அந்தச் சூடு ஆயிலுக்கு இறங்கும்.

புதிய டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி, டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும் என்பதால், இன்னும் சீக்கிரமே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உருவாகும். மிதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அதனால் டிராக் காருக்கான முதல் செலவு புது பிரேக் ஆயில், வெப்பம் தாங்கும் பேட், நல்ல டயர். இதில் காருக்குச் சத்தமும் கூடாது, ரீல்ஸுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் உயிர் இதில்தான் இருக்கிறது.

சஸ்பென்ஷன்: இறுக்கினா போதுமா?

வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சாயும். எடையில் பெரும்பகுதி ஒரு பக்க டயருக்குப் போகும். இறுக்கமான ஸ்பிரிங், தடித்த ஆன்டி-ரோல் பார் போட்டால் சாய்வு குறையும். சக்கரத்தின் மேல்முனையைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து வைத்தால் (இதுதான் நெகட்டிவ் கேம்பர்) வளைவில் டயரின் முழு அகலமும் தரையைப் பிடிக்கும்.

ஆனால் ஸ்பிரிங்கும் டேம்பரும் ஜோடி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டால், அதைக் கட்டுப்படுத்த அதனால் முடியாது, கார் குதிக்கும். காசை மிச்சம் பிடிக்க ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது அதைவிட மோசம். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டே நழுவலாம்.

ஏலாக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோர ஊர். சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் ஓடித் தேய்ந்த மாவட்டச் சாலைகள், ஊருக்கு ஊர் வேகத்தடை, அடைக்கல மாதா கோயிலுக்கு வருகிற கூட்டம். டிராக்குக்காக இறுக்கிய கார் இந்த ரோட்டில் பிடிப்பாக ஓடாது. ஒவ்வொரு குழியிலும் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. டிராக்கில் நல்லது செய்யும் மாற்றமே ரோட்டில் ஆபத்தாக முடிகிறது.

இன்ஜின் ரீமேப் என்றால்?

டர்போ காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி, காற்றழுத்தத்தைக் கூட்டுவதுதான் ரீமேப். லேப்டாப்பை மாட்டினால் சீக்கிரமே குதிரைத்திறன் கூடிவிடும். கூடவே வெப்பமும் கூடும். நம் ஊர் பங்க்கில் கிடைப்பது சாதாரண பெட்ரோல். அதிக அழுத்தத்தில் அது நேரம் தப்பி எரிந்தால் 'நாக்கிங்' வரும்; பிஸ்டன் அடிவாங்கும். கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் பழைய சக்திக்குத்தான் செய்யப்பட்டவை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் காலி. இதற்காகத்தான் பந்தய கார்களின் ஆயில் தொட்டியில் தடுப்பு வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்கமான வாகனக் காப்பீடும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. டிராக்கில் இடித்தால் செலவு சொந்தப் பணம்தான்.

கோவை காட்டிய வழி

இதற்கு மாற்று வழியைத் தமிழ்நாடு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. கோவையின் எஸ்.கரிவர்தன், 1980களின் இறுதியில் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். சின்ன இன்ஜின், குறைந்த செலவு, பந்தயத்துக்கு மட்டுமே ஆன வண்டி. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1-க்குப் போன முதல் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். சக்தி குறைவான காரில் வேகத்தை இழக்காமல் வளைவைக் கடக்கக் கற்றவருக்கு, பெரிய இன்ஜின் பிறகு வந்தால் போதும். முதலில் டியூன் ஆக வேண்டியது ஓட்டுநர்.

அரசு செய்ய வேண்டியது

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. பார்க்க அழகு. ஆனால் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர் எங்கே ஓட்டுவார்? இருங்காட்டுக்கோட்டையும் செட்டிப்பாளையமும் ஏலாக்குறிச்சியிலிருந்து அரை நாள் பயணம். பக்கத்தில் வழியில்லாதபோது, புறவழிச்சாலைதான் டிராக் ஆகிறது. அதற்கு விலை கொடுப்பது பெரும்பாலும் எதிரே பைக்கில் வருகிற யாரோ ஒருவர்.

அபராதம் மட்டும் இதைத் தடுக்காது. மத்திய மாவட்டங்களில் ஒரு சின்ன கார்ட்டிங் தடமாவது வேண்டும். இருக்கும் டிராக்குகளில் மாதம் ஒரு நாள் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் குறைந்த கட்டணத்தில், பயிற்சியாளரோடு திறந்துவிட வேண்டும். டிராக்குக்கு மட்டும் என மாற்றிய காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக, தெளிவான, எளிய விதிமுறை வேண்டும்.

அதுவரை ஆசையுள்ளவர்களுக்கு ஒரு வரிசை: பிரேக், டயர், ஹெல்மெட், பயிற்சி. அதற்குப் பிறகு சஸ்பென்ஷன். இன்ஜின் கடைசி. மாற்றிய கார் டிராக்கோடு நிற்கட்டும். ரோட்டுக்குக் கம்பெனி கொடுத்த காரே போதும்.